மன்னார் வெயிலில் ஹீற்றர்

எங்கள் கார் ஒயில் ஒழுக்குகிற கார். வாங்கும்போதே ஒழுகியது. விற்ற மனிதர் அதை மறைக்கவும் இல்லை. பழைய எஞ்சின் என்றால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும் என்று சொன்னார். என் கணவருக்கு அந்த ‘வேர்க்கும்’ என்ற சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றுமுதல் எங்கள் வீட்டில் கார் ஒழுகுவது கிடையாது, வேர்க்கும்.

அது வேர்த்த இடங்களை வைத்து நாங்கள் எங்கே போய்வந்தோம் என்று மன்னார் நகரத்தில் யாரும் சொல்லிவிடலாம். மீன் சந்தைக்கு முன்னால் ஒரு கறுப்பு வட்டம். நான் மனையியல் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் வேலியோரம் இன்னொன்று. கலியாண வீடுகளுக்குப் போவதென்றால், குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய மட்டைப் பெட்டியைத் தட்டையாக்கிக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டுதான் என் கணவர் புறப்படுவார். போய் இறங்கியதும் முதல் வேலையாக வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து மட்டையைக் காருக்குக் கீழே தள்ளுவார். பட்டுச்சேலையோடு பக்கத்தில் நிற்கும் நான், இந்த மனிதர் யாரோ என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மட்டையின் நாலு மூலைக்கும் கல் தேட வேண்டும். எங்கள் பக்கத்துக் காற்று மட்டையை விட்டுவைக்காது.

அவருக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. குளக்கட்டில் ஊசித் துளை அளவு கசிவு வந்தாலும் கண்டுபிடித்து அடைப்பிக்க வேண்டியவர். முற்றத்தில் நிற்கிற காரின் கசிவு மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அதனால் அதற்கு ஒரே வைத்தியம் வைத்திருந்தார். ஒழுகினால் ஊற்றுவது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு இறங்கி, போனற்றைத் தூக்கி, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பழந்துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். என்னுடைய காய்ச்சலைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

நாங்கள் இருப்பது தீவில், அவருடைய ஊர் பாலத்துக்கு அப்பால் பெருநிலப்பரப்பில் இருக்கிறது. விடத்தல்தீவுக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் வரும் வயல் ஊர். மாமாவும் மாமியும் அங்கேதான் வயல் செய்துகொண்டு இருக்கிறார்கள். சிறுபோக நெல் வெட்டி முடிந்ததும் அங்குள்ள விளையாட்டுக் கழகம் ஒரு விழா வைக்கும். சைக்கிள் ஓட்டம், கயிறு இழுத்தல், முட்டி உடைத்தல் எல்லாம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னர் கழகத்துப் பெடியளுக்கு அதெல்லாம் போதவில்லை. ஊருக்கு வெளியே கிடந்த வெட்டை நிலத்தைச் செதுக்கி, பழைய ரயர்களை வரிசையாக அடுக்கி, முட்டை வடிவத்தில் ஒரு பாதை போட்டு, கார் ஓட்டம் வைப்பதென்று முடிவெடுத்தார்கள்.

எல்லாக் கார்களும் ஒன்றாக ஓடுவது ஆபத்தென்று ஊர்ப் பெரியவர்கள் மறுத்துவிட்டதால், ஒவ்வொரு காராகத் தனியே ஓட வேண்டும், நேரம் பார்த்து வெற்றி என்று ஏற்பாடு. பெண்களும் வரவேண்டும் என்பதற்காகச் சோடிப் பிரிவு என்று ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். பத்துச் சுற்று. முதல் பாதியைக் கணவர் ஓட, மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு இடம் மாறி மற்றப் பாதியை மனைவி ஓட வேண்டும். இடம் மாறுகிற நேரம் கணக்கில் இல்லை.

இதை என் கணவர் இரவுச் சாப்பாட்டின்போது, சொதியை ஊற்றிக்கொண்டே எனக்குச் சொன்னார். நல்ல யோசனைதான் என்று நானும் சொன்னேன். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று சோடி என்றார். புதிதாகக் கலியாணம் செய்த ஒரு சோடி, வங்காலையில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு சோடி என்று சொல்லிவிட்டு இடியப்பத்தைக் குழைக்கத் தொடங்கினார். மூன்றாவது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் இடியப்பத்தைக் குழைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

எனக்கு லைசன் இருக்கிறது. அவர் ஒருமுறை காலை முறித்துக்கொண்டு கிடந்தபோது எடுத்தது. ஆனால் நான் ஓடிய ஓட்டம் எல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில், நடுவீதியில் நித்திரை கொள்ளும் கழுதைகளைச் சுற்றிச் சுற்றி ஓடியதுதான். மூன்றாம் கியருக்கு மேலே இன்னும் கியர் இருக்கிறது என்பது எனக்குப் படத்தில் பார்த்த அறிவு. இதை அவரிடம் சொன்னேன். ஊர்க்காரர் பெயரை எழுதி முடித்துவிட்டார்கள், இனி வெட்டினால் மாமாவுக்கு மரியாதைக் குறைவு என்றார். எங்கள் வீட்டில் எதற்கும் பதில் இல்லாதபோது மாமாவின் மரியாதை வந்து முன்னால் நிற்கும்.

அடுத்த நாளே கார் கராஜுக்குப் போனது. கராஜ்காரரை நகரத்தில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். எங்களைவிட வயதில் மூத்தவர். எதையும் சந்தேகமாகச் சொல்லத் தெரியாதவர். முதல் நாள், எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே இருக்கிற கஸ்கற் பழுதாகி அதனால்தான் ஒழுகுகிறது என்று அடித்துச் சொன்னார். அதை மாற்றினோம், ஒழுகியது. இரண்டாம் நாள், மூடி இல்லை, அடியில் இருக்கிற நட்டுத்தான் என்று அதேபோல அடித்துச் சொன்னார். அதையும் மாற்றினோம். கார் நானாவின் நிலத்திலேயே தன் வட்டத்தைப் போட்டுவிட்டு வந்தது. மூன்றாம் நாள் நானா ஒழுக்கைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, உண்மையான ஆபத்து ஒழுக்கில்லை, சூடுதான் என்று சொன்னார்.

நாங்கள் வீதியில் ஓடும்போது எஞ்சினுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கிறதாம். சுற்றுப் பாதையில் அப்படி இல்லை. மிதித்த மிதியிலேயே நிற்க வேண்டும். சூடு ஏறி, தண்ணீர் கொதித்து, ஒயில் இளகித் தண்ணியாகிவிடும். நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாச்சியில் எண்ணெய் காய்ந்தால் என்ன நடக்கும் என்று வாரத்துக்கு நாலு வகுப்புக்குச் சொல்கிறவள் நான். அதனால் இந்த இடம் எனக்கு நன்றாக விளங்கியது.

"டீச்சர், சூட்டு முள்ளு மேல ஏறினா பயந்து நிப்பாட்டிடாதீங்க. நிப்பாட்டினா காத்து இல்லாமப் போய் இன்னும் ஏறும். ஹீற்றரப் போடுங்க," என்றார் நானா.

நான் அவர் ஏசியைச் சொல்ல வந்து வாய் தவறிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, ஹீற்றர்தான். காருக்குள்ளே சூடு வருவது எஞ்சினின் சூட்டிலிருந்துதானாம். ஹீற்றரைத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு எங்கள் பக்கம் வந்துவிடும், எஞ்சின் தப்பிவிடும். நாங்கள் தப்புவோமா என்று நான் கேட்டதற்கு, ஜன்னலை இறக்கிவிடுங்கள் என்றார்.

அந்த ஹீற்றர் மன்னாருக்கு வந்த நாளிலிருந்து யாரும் தொடாத பொருள். பரீட்சித்துப் பார்ப்போம் என்று நானா அந்தக் குமிழை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். முதலில் ஒரு இருமல் சத்தம் வந்தது. பிறகு தூசி. பிறகு ஒரு கரப்பான் பூச்சியின் செட்டைகள். கடைசியாக ஒரு காய்ந்த இலை என் மடியில் வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் எந்த மரத்திலும் இல்லாத, விரல்கள் விரித்த மாதிரியான சிவப்பு இலை. கார் ஜப்பானில் ஓடிய காலத்தில் ஏதோ ஒரு வீதியில் உள்ளே போனதாக இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் அதை மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். பிறகு சூடான காற்று வரத் தொடங்கியதும் காரை விட்டு இறங்கினோம்.

புறப்படும்போது நானா, ஓட்டத்துக்குப் போகிற வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒயில் இருப்பது நல்லது என்று சொல்லித் தன் கையாலேயே ஊற்றிவிட்டார்.

விழா நாள் காலையில் என் கணவர் என்னை எழுப்பாமல் முற்றத்துக்குப் போயிருந்தார். நான் ஜன்னலால் பார்த்தபோது போனற் திறந்திருந்தது. புனலை வைத்து, சாமிக்குப் பால் வார்க்கிற மாதிரி மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். நானா ஏற்கனவே ஊற்றியவர் அல்லவா என்று கேட்டேன். இங்கேயிருந்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்கிடையில் வேர்த்துவிடும் என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே வெட்டையில் நின்றது. சோழகக் காற்று மண்ணை வாரி வாரி முகத்தில் எறிந்தது. வெயில் அதற்குமேல். பாதையில் தூசி எழும்பாமல் இருக்க ஒரு தண்ணீர் பவுசர் சுற்றிச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தெளித்த இடம் காய்ந்துவிடும். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் கோயில் திருவிழாவுக்கும் மரண அறிவித்தலுக்கும் பேசுகிறவர். எதற்கும் அவருக்கு ஒரே குரல்தான். "அன்பார்ந்த பொதுமக்களே, வீதி ஓரத்தில் ஒற்றைச் செருப்பொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது" என்று அவர் சொன்னபோது எனக்கு யாரோ காலமாகிவிட்டது போலவே இருந்தது.

மாமாவும் மாமியும் குடைக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார்கள். நான் போய் மாமியிடம் சாப்பாட்டுப் பொதியை வாங்கி வைத்துவிட்டு வருவதற்கிடையில், மாமா எழும்பிக் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். உழவு மெசினோடு காலம் கழித்தவர், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வங்காலைச் சோடி ஓடியது. கார் இல்லாததால் மீன் ஏற்றுகிற சின்ன லொறியிலேயே வந்திருந்தார்கள். கழகமும் ஆள் குறைவென்று சம்மதித்துவிட்டது. கணவர் ஓடியது சாதாரண ஓட்டம். பிறகு மனைவி ஏறினார். விடியப்புறம் மீனை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு முதல் ஆளாய்ப் போகிற பெண் அவர். கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் ஸ்ரியறிங்கைச் சுழற்றி, லொறியை ரயர்களுக்குப் பக்கத்தால் உரசாமல் கொண்டுபோன விதத்தைப் பார்த்து நான் மாமியின் குடைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் இறங்கி வந்தபோது முந்தானைகூடக் குலையவில்லை.

அடுத்தது புதுச்சோடி. புதுக்கார், ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே ஏசி. மாப்பிள்ளை நன்றாகத்தான் ஓடினார். இடம் மாறுகிற இடத்தில் கார் நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெண் பக்கத்துக் கதவு திறந்தது. அவர் இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றிக் காரின் மேலே வைத்துவிட்டு, வெட்டையைக் குறுக்கே கடந்து தன் தாயிடம் போனார். நான் ஓடினது நல்ல வேகம், நீ ஓடினால் புதுக்காரைச் சுரண்டிப்போடுவாய் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். அந்தச் சோடி போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவிப்பாளர் ஆழ்ந்த குரலில் தெரிவித்தார்.

பிறகு எங்கள் முறை.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு நான் பக்கத்து ஆசனத்தில் ஏறினேன். என் கணவரை நான் கலியாணம் செய்த நாளிலிருந்து பொறுமையான மனிதர் என்றுதான் அறிவேன். கொடி விழுந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். முதல் வளைவில் என் தோள் கதவில் இடித்தது போலிருந்தது. இரண்டாம் வளைவில் மறுபடி அதே தோள். எல்லா வளைவும் இடப்பக்கமே திரும்பியதால் எல்லாமே வலப்பக்கம் சாய்ந்தன. கண்ணாடியில் தொங்கிய பிள்ளையார், தண்ணீர்ப் போத்தல், நான் எல்லோரும் அவர் பக்கம் போய் விழுந்தோம். இடித்த தோள் கதவில் இல்லை, அவர்மேல்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் எனக்கு மணம் வந்தது. வடைக்கு வைத்த எண்ணெயை மறந்துவிட்டு வாசலில் கதைத்துக்கொண்டு நின்றால் வருமே, அந்த மணம். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஊர் தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாய் ஒரு சுவர் எழும்பி வந்துகொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, புகையுது," என்றேன்.

"அது தூசி. நீர் பேசாமல் இரும்," என்றார்.

"தூசி மணக்காது."

அவர் மணந்து பார்த்தார். முகம் மாறியதைக் கண்டேன். ஆனால் காலை எடுக்கவில்லை. தன் பாதியை முடித்துவிடுவதென்றே இருந்தார். அதற்குள் புகை போனற்றின் இரண்டு பக்கத்தாலும் முன்னுக்கு வரத் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் அந்தக் குரல், அன்பார்ந்த பொதுமக்களே, தற்போது ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கிறது, யாரும் பதற்றமடைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எனக்கு அந்த நேரத்தில் பயத்தைவிட வெட்கம்தான் கூட. பார்வையாளர்களில் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள்.

ஒரு வழியாக இடம் மாறுகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நாங்கள் இறங்குவதற்குள் பவுசர் வந்துவிட்டது. அதன் சாரதி குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்கே காத்திருந்தவர் போல ஓடி வந்தார். என் கணவர் ஹெல்மெற்றோடு போய், போனற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி அடிச்சால் எஞ்சின் வெடிச்சுப் போகும். என்னிலை அடியுங்கோ," என்றார்.

சாரதி ஒரு கணம் யோசித்தார். பிறகு அடித்தார். அது அவர் வேண்டுமென்று செய்ததல்ல, குழாயைப் பிடித்திருந்த மற்ற ஆள் அதற்குள் திறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். எது எப்படியோ, என் கணவர் தலையிலிருந்து கால்வரை நனைந்தும் இடத்தைவிட்டு அசையவில்லை. காருக்கு ஒரு துளி படவில்லை.

எங்களோடு வந்திருந்த நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து போனற்றைத் திறந்தார். நெருப்பு இல்லை. ஒயில் அளவு பார்க்கும் கம்பி அதன் குழாயை விட்டுத் துள்ளி வெளியே கிடந்தது. எஞ்சின் முழுக்கக் கறுப்பாய் ஒயில் குளித்திருந்தது. புகைக் குழாயில் வழிந்த ஒயில்தான் காய்ந்து அவ்வளவு புகையையும் எழுப்பியிருக்கிறது. நானா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"இவ்வளவு ஒயில் எங்கேயிருந்து வந்திச்சு? நான் ஊத்தினது கொஞ்சம்தானே," என்றார்.

என் கணவர், நனைந்த கையை உயர்த்தாமல் விரலை மட்டும் உயர்த்தி, காலையில் தானும் கொஞ்சம் ஊற்றியதாகச் சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நானா கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"நானும் ஒரு போத்தல் விட்டனான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மாமா குடையோடு நின்றார். கம்பியை இழுத்துப் பார்த்தாரா என்று நானா கேட்க, அதெல்லாம் பார்க்கவில்லை, கீழே நிலத்தில் ஒழுகிக் கிடந்ததைக் கண்டு, வண்டியில் ஒயில் முடிந்துவிட்டதாக்கும் என்று உழவு மெசினுக்குக் கொண்டுவந்ததை ஊற்றினேன் என்றார். "இந்த வெயிலுக்கை பிள்ளையள் ஓடப் போகுதுகள், வெறுவயித்தோடையே அனுப்பிறது?" என்றும் கேட்டார்.

அளவுக்கு மிஞ்சி ஒயில் இருந்தால் எஞ்சின் அதைக் கடைந்து நுரையாக்கி, போக வழியில்லாமல் கம்பியையும் தள்ளிக்கொண்டு வெளியே துப்பிவிடும் என்று நானா விளக்கினார். போதாக்குறைக்கு ஒரே பக்கமாகச் சுற்றியதில் எல்லா ஒயிலும் ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. தானும் ஊற்றியதில் ஒருவர் என்பதை விளக்கத்தில் சேர்க்க அவர் மறந்துவிட்டார். பிறகு கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். மறுபடி துடைத்துப் பார்த்தார். கூட்டத்துக்கே தூக்கிக் காட்டினார். ஒயில் அளவு மிகச் சரியாக இருந்தது. வேண்டாததை எல்லாம் கார் தானாகவே துப்பிவிட்டிருந்தது.

ஓட்டம் அதோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் மனதுக்குள் ஆறுதல்பட்டுக்கொண்டு ஹெல்மெற்றின் பட்டியைக் கழற்றினேன். கழகத்துப் பெடியள் கூடிப் பேசினார்கள். இடம் மாறும் நேரம் கணக்கில் இல்லை என்பதால், கார் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் நாங்கள் தொடரலாம் என்று முடிவாயிற்று. அறிவிப்பாளர் உடனே, டீச்சர் அவர்கள் தமது பாதியை ஓடுவாரா என்பதை அறியப் பொதுமக்கள் ஆவலோடு காத்திருக்கிறார்கள் என்று அறிவித்தார். தாய்மார் கை தட்டினார்கள். நான் பட்டியை மறுபடி பூட்டினேன்.

ஏறி இருந்ததும் முதலில் பார்த்தது சூட்டு முள்ளைத்தான். நின்ற நிலையில் அது மேலே ஏறி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. நானா ஜன்னலுக்குள் தலையை விட்டு, ஹீற்றரை முழுக்கத் திறந்துகொண்டு உடனே புறப்படச் சொன்னார். நான் குமிழைத் திருப்பினேன். விசிறியையும் கடைசி அளவுக்குப் போட்டேன்.

மன்னாரில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயில் புதிதல்ல. ஆனால் அன்று என் காலடியில் வந்தது வேறு. பரீட்சை நாளில் பத்து அடுப்பும் எரிகிற எங்கள் மனையியல் அறையை ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்தது போல இருந்தது. வெளியிலிருந்து வந்த சோழகம் அதைவிடக் குளிர்ச்சியாய்த் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெற்றுக்குள்ளே வேர்வை ஓடிக் கண்ணுக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த என் கணவரில் இருந்து ஆவி எழும்பியது. பவுசர் நனைத்த உடுப்பு அவரிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

முதல் சுற்றை என் வழமைப்படியே ஓடினேன். நடுவீதியில் கழுதை கிடக்கும் என்ற நினைப்போடு, மெதுவாக. இரண்டாவது சுற்றில் முள் ஒரு மயிரிழை இறங்கியதைக் கண்டேன். ஹீற்றர் வேலை செய்கிறது. அதைக் கண்டதும் எனக்குள் ஏதோ ஒன்று இளகிவிட்டது. மிதித்தேன். எஞ்சின் பாடத் தொடங்கியது. கனத்த வயிற்றைக் கழுவிவிட்ட ஆளைப் போல அது சுறுசுறுப்பாக இருந்தது. மூன்றாம் கியருக்கு மேலே உண்மையிலேயே ஒரு கியர் இருந்தது.

"போதும், போதும், குறையும்," என்றார் என் கணவர். இரண்டு காலையும் தூக்கி முன்பலகையில் வைத்துக்கொண்டிருந்தார். கீழே வைக்க முடியாத சூடு. அவருடைய செருப்பின் அடி இளகித் தரை விரிப்பில் ஒட்டிவிட்டிருந்ததால் கால் மட்டுமே மேலே வந்திருந்தது.

"நீங்கள் பேசாமல் இருங்கோ," என்றேன். இதைச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கும் என்னால் அளவிட முடியாது.

கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில், பவுசர் நின்று நின்று சேறாகிப்போன வளைவில் ஒரு மாடு வந்து படுத்துக்கொண்டது. வெட்டையில் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான், மாட்டைக் குறை சொல்ல முடியாது. ஒலிபெருக்கி மாட்டின் உரிமையாளரை உடனடியாக மேடைக்கு வருமாறு அழைத்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. படுத்துக்கிடக்கும் பிராணிகளைச் சுற்றி ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. வேகத்தைக் குறைக்காமல் மாட்டுக்கும் ரயருக்கும் நடுவால் எடுத்தேன். மாடு காதை ஆட்டியதோடு சரி.

முடித்து இறங்கியபோது என் கால்கள் வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தன. மாமி தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பயந்து குடையையும் தந்தார். வங்காலைச் சோடி முதலாம் இடம். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் வந்து கையைப் பிடித்து, "மாட்டடியிலை நல்லா எடுத்தனீங்கள், டீச்சர்," என்றார். மூன்றில் ஒன்று விலகிவிட்டதால் எங்களுக்கு இரண்டாம் இடம். பரிசு ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

என்னுடைய பாதி என் கணவருடைய பாதியைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்தது என்பதைக் கழகத்துப் பெடியன் ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். என் கணவர் அன்றுமுதல் இன்றுவரை அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். கூடுதல் ஒயிலையெல்லாம் தான் ஓடித் தீர்த்துக் கொடுத்ததால்தான் எனக்குச் சுகமாக ஓடக் கிடைத்ததாம். அது உண்மைதான். ஆனாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்குப் புறப்படும்போதுதான் மற்றது தெரிந்தது. ஹீற்றரை மூட முடியவில்லை. நானா இரண்டு கையாலும் திருப்பினார். குமிழ் திரும்பியது, சூடு நிற்கவில்லை. உள்ளே சுடுதண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு, இத்தனை வருடத்துக்குப் பிறகு முழுக்கத் திறந்ததில் இறுகிவிட்டது, ஒரு சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று அடித்துச் சொன்னார். அன்று பாலத்தைக் கடந்து தீவுக்குள் வரும்வரை மூவரும் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தோம்.

சாமான் வரச் சுணங்கியது. அந்தக் கிழமைகளில் எங்கள் காரில் ஏற யாரும் வரவில்லை, எங்கள் பாடசாலை அதிபரைத் தவிர. வங்காலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டும், உங்களோடு வருகிறேன் என்று அவராகவே கேட்டார். மரியாதை காரணமாக முன் ஆசனத்தில் இருத்தினோம். நான் ஹீற்றரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் கண்ணைக் காட்டினார்.

அதிபர் நல்ல மனிதர், மற்றவர் மனம் நோகப் பேசத் தெரியாதவர். பாலம் வரை சப்பாத்தை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டு வந்தார். பாலத்தில் கைக்குட்டையை எடுத்தார். அதற்குப் பிறகு, இந்த வருடம் வெயில் கொஞ்சம் கூடத்தான் என்று மெல்லிய குரலில் சொன்னார். ஓம் சேர், கூடத்தான் என்று என் கணவரும் சொன்னார். வங்காலை போய்ச் சேர்ந்தபோது அதிபரின் வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. செத்தவீட்டில் இருந்தவர்கள் அவருடைய சிவந்த முகத்தையும் கண்ணையும் பார்த்து, இறந்தவருக்கு மிகவும் வேண்டியவர் போலிருக்கிறது என்று எண்ணி, முன்வரிசையில் கதிரை கொடுத்து, இரண்டு முறை சோடா கொடுத்தார்கள்.

செபம் முடிந்ததும் தனக்கு இன்னும் சிலரைச் சந்திக்க வேண்டியிருக்கிறது, நீங்கள் போங்கோ என்று எங்களை அனுப்பிவிட்டார். நாங்கள் காரைத் திருப்பிக்கொண்டு பிரதான வீதிக்கு வந்தபோது, பஸ் தரிப்பிடத்தில் அதிபர் நின்றார். எங்களைக் கண்டதும் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவித்தல் ஒன்றை மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

"பாவம், இந்த வெயிலுக்கை நிக்கிறார். ஏத்திக்கொண்டு போவம்," என்று என் கணவர் உண்மையான இரக்கத்தோடு சொல்லி, பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஹோர்ன் அடித்தார்.

அதிபர் அறிவித்தலைக் கடைசி வரிவரை வாசித்து முடித்தார். பஸ் வருகிறதா என்று வீதியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், இந்தப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்கதவைத் தானாகவே திறந்து ஏறினார்.